தம்மாமுக்குப் போன எஞ்சின் சத்தம்

உவைஸ் சவுதியில் தம்மாமுக்கு விமானம் ஏறியபோது மஹ்மூதா பீவிக்குக் கல்யாணமாகி அரை வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மேலப்பாளையத்தில் அது புதுமையான சங்கதி ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் சவுதியிலோ துபாயிலோ இருந்தார்கள். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்தான் “யாரு?” என்று கேட்கும். வந்தது ஆண் என்றால் கதவு திறக்காமலே பதில் வரும். மஹ்மூதாவும் அந்தக் குரல்களில் ஒன்றாகிப் போனாள், அவ்வளவுதான்.

உவைஸ் மெக்கானிக். குறிச்சி ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். பேச்சு குறைந்த மனுஷன். சாப்பாடு நன்றாக இருந்தால் இன்னொரு தடவை குழம்பு கேட்பான், அதுதான் பாராட்டு. அவனிடம் யமஹா ஆர்.எக்ஸ். நூறு பைக் ஒன்று இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி மாட்டிப் புதுசாக்கிய வண்டி. விசா வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பெங்களூர் போய் வந்த சிநேகிதன் மூலம் ரேஸ் வண்டிக்காரர்கள் போடுகிற சைலன்சர் ஒன்றை வரவழைத்தான். நடுவில் பெருத்து, வால் மெலிந்து, மலைப்பாம்பு எதையோ விழுங்கிவிட்டுப் படுத்திருப்பதுபோல் இருக்கும். பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு அதை மாட்டினான். சத்தம் வாய்க்கால் பாலம் வரைக்கும் கேட்டது. அடுத்த வாரமே விசா வந்துவிட்டது.

சைலன்சரை மாற்றினால் கார்பரேட்டரையும் அதற்குத் தகுந்தபடி அமைக்க வேண்டும். அதற்கு அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. வேன் வாசலில் நிற்க, பெட்டியெல்லாம் ஏற்றியாயிற்று. புறவாசலில் நின்ற வண்டியைக் காட்டி அவளிடம் சொன்னான்: “வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிரு. சும்மா கெடந்தா எஞ்சின் இறுகிப்போவும். எப்படின்னு தெரியும்லா?”

தெரியும். அவன் உதைப்பதைச் சமையல்கட்டு ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

அவன் போன பிறகு அந்த வீட்டில் அவளும் மாமியார் மைதீன் பாத்திமாவும்தான். மாமனார் எப்போதோ இறந்துவிட்டார். நாத்தனார்கள் இரண்டு பேரும் பக்கத்துத் தெருக்களில் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். பகலில் மாமியாரும் மருமகளும் கூடத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். மாமியார் கொடுமைக்காரி இல்லை. ஆனால் வாய் திறந்தால் வேலையைப் பற்றித்தான் பேசுவாள். இலை நனைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், வற்றலை உள்ளே எடுக்க வேண்டும். மஹ்மூதா “சரி மாமி” என்பாள். சில நாட்களில் அந்த இரண்டு வார்த்தையைத் தவிர அவள் வாயிலிருந்து வேறொன்றும் வந்திருக்காது.

அப்போதெல்லாம் சவுதிக்காரர்கள் கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவதுதான் அதிகம். லீவில் வருகிறவர் பெட்டியில் பத்து வீட்டுக் கேசட் இருக்கும். திரும்பிப் போகும்போது பத்து வீட்டுப் பதில் இருக்கும். உவைஸின் கேசட் வந்தால் மைதீன் பாத்திமா டேப் ரெக்கார்டரைக் கூடத்தில் நடுநாயகமாக வைப்பாள். நாத்தனார்கள் பிள்ளைகளோடு வந்துவிடுவார்கள். எதிர்வீட்டுக்காரி, அவளுடைய உம்மா, யார் யாரோ வந்து உட்காருவார்கள். உவைஸ் ஒவ்வொருவராக விசாரிப்பான். உம்மாவின் மூட்டுவலி, அடுப்படி ஓட்டில் ஒழுக்கு, தங்கச்சி மகளின் காதுகுத்து. எல்லாம் முடிந்து கடைசியில், “மஹ்மூதாவுக்கும் ஸலாம் சொல்லிக்கிடுதேன்” என்பான். கூடமே அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு இலையைக் கத்தரிப்பாள்.

பதில் பேசுவதும் அதே கூடத்தில்தான். எல்லோரும் பேசி முடித்து, நாடா தீரப்போகிற நேரத்தில் மாமியார் கூப்பிடுவாள். “ஏளா, நீயும் ரெண்டு வார்த்த பேசு.”

“அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இருக்கேன். உடம்பப் பாத்துக்கிடுங்க.”

இதற்கு மேல் அத்தனை பேர் முன்னால் என்ன பேச முடியும்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போன பிறகு தெரு ஓய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில்தான் அவள் வண்டியை ஸ்டார்ட் செய்வாள். புறவாசல் கதவை முடுக்குச் சந்துப் பக்கமாகத் திறந்துவைத்து, பெட்ரோல் குழாயைத் திருப்பி, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கொண்டு உதைப்பாள். முதலில் ஒன்றிரண்டு உதையில் பிடித்தது. போகப் போக முரண்டு பிடித்தது. ஓடினாலும் ஒரு சீராக ஓடவில்லை. சத்தம் ஏறும், இறங்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஒரு கணம் மூச்சடைத்தாற்போல் நிற்கும். விட்டால் சைலன்சரில் டுப், டுப் என்று வெடிக்கும். எஞ்சின் சீக்கிரமே கிட்டத்தில் நிற்க முடியாத அளவுக்குக் கொதித்துவிடும்.

அடுத்த கேசட் பதிந்தபோது அவள் முறை வந்தது. ஸலாம் சொன்னாள். நல்லா இருக்கேன் என்றாள். வழக்கமான மூன்றாவது வாக்கியத்துக்குப் பதில் வேறொன்று வாயில் வந்துவிட்டது.

“வண்டி சரியில்ல மச்சான். டுப்பு டுப்புன்னு வெடிக்குது. ரொம்ப சூடாவுது.”

பெரிய நாத்தனார் சிரித்தாள். “புருசன்கிட்டச் சொல்ல வேற ஒண்ணுங் கெடைக்கல பாரு இவளுக்கு.”

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. முதல் பக்கத்தில் வழக்கம்போல் விசாரிப்புகள். கேசட்டைத் திருப்பிப் போட்டார்கள். உவைஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். “மஹ்மூதா, வண்டியப் பத்திச் சொன்னேல்லா. கேளு” என்று ஆரம்பித்தான்.

“பழைய சைலன்சர் பொகைய அடச்சு அடச்சுத்தான் விடும். இது அப்படி இல்ல. பொகைய உறிஞ்சி வெளிய தள்ளிரும். பொக வேகமாப் போனா காத்து வேகமா உள்ள வரும். ஆனா பெட்ரோல் பழைய அளவுதான் வருது. காத்துக்குத் தக்கன பெட்ரோல் பத்தல. அதான் வெடிக்குது, அதான் சூடு. கார்பரேட்டர் பக்கத்துல பித்தளை ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், பாத்திருக்கியா…”

எதிர்வீட்டுக்காரி கொட்டாவி விட்டாள். “எம்மா, இது என்ன பேச்சு” என்று எழுந்தாள். மைதீன் பாத்திமா, “வாங்கட்டி, டீயப் போடுவோம்” என்று மகள்களைக் கூட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பிள்ளைகள் தெருவுக்கு ஓடின. கொஞ்ச நேரத்தில் கூடத்தில் அவளும் டேப் ரெக்கார்டரும் மட்டும்தான் இருந்தார்கள்.

அவன் பேசிக்கொண்டே போனான். பேச்சு குறைந்த மனுஷன் என்று நினைத்திருந்தாளே, அவனேதான். குரலின் பின்னால் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் காற்று குறையும், வெளியே எடுத்தால் கூடும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதே. திருப்பிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துக் காதைக் கொடுத்துக் கேள் என்றான். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, “இதச் சொல்லும்போது நம்ம புறவாசல் அப்படியே கண்ணுக்குள்ள வருது” என்றான். பிறகு உடனே ஸ்க்ரூவுக்குத் திரும்பிவிட்டான்.

மஹ்மூதா நாடா ஓடி முடிந்து பட்டன் தானாக மேலே எழும்பும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு கேசட்டிலும் மறுபக்கம் எஞ்சினுக்கு என்று ஆகிவிட்டது. டேப் ரெக்கார்டரைப் புறவாசலுக்கு எடுத்துப்போக மாமியாரிடம் அனுமதி கேட்டாள்; மாமியார் தலையை மட்டும் ஆட்டினாள். எஞ்சின் சத்தத்தைப் பதிந்து அனுப்பினாள். “ஒண்ணுமே புரியல. அம்மியத் தரையில இழுக்க மாதிரி இருக்கு. டேப்பத் தள்ளி வையி” என்று பதில் வந்தது. அடுத்த தடவை தள்ளித் துவைகல்லில் வைத்து, மேலே ஈரத் துண்டைப் போட்டுப் பதிந்தாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தானே சொன்னாள்: “இது ஸ்க்ரூவக் கால் சுத்து உள்ள விட்டது.” “இது இன்னுங் கொஞ்சம்.” அந்த அறிவிப்புகளுக்கு நடுவே சில சமயம் வேறு எதுவும் சொல்லாமல் நாடாவை ஓடவிடுவாள். காகம் கத்துவதும் பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்ப்பதும் அதில் பதியும். அதையும் அவன் கேட்டிருக்க வேண்டும். ஒரு தடவை, “பக்கத்து வீட்டுல கோழி வளக்காகளோ?” என்று கேட்டான்.

ஸ்க்ரூவோடு வேலை முடியவில்லை. சும்மா நின்று ஓடும்போது சத்தம் சீரானது. முறுக்கும்போது பழைய மூச்சடைப்பு அப்படியே இருந்தது. கார்பரேட்டரைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஊசியை ஒரு படி தூக்கி மாட்டச் சொன்னான். அதைக் கழற்றி மாட்டவே அவளுக்கு மூன்று வெள்ளிக்கிழமைகள் பிடித்தன. பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னான்.

“நுனி வெள்ளையா சாம்பல் பூத்தாப்புல இருந்தா பெட்ரோல் பத்தல. கருப்பா பிசுபிசுன்னு இருந்தா கூடிப்போச்சு. உம்மா பாலில்லாமப் போடுத சுலைமானி டீ நெறத்துல இருக்கணும்.”

“வெள்ளையாத்தான் இருக்கு மச்சான். சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி” என்று பதிந்து அனுப்பினாள்.

எஞ்சினோடு எஞ்சினாக வேறு விஷயங்களும் வந்தன. அவன் வேலை பார்ப்பது லாரி ஒர்க்‌ஷாப்பில். வெயில் காலத்தில் ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும். ஒரு பூனை வந்து லாரிக்கு அடியில் படுத்துக்கொள்கிறது. அதற்குத் தினமும் ரொட்டி போடுகிறான். அறையில் சேர்ந்து தங்கியிருப்பவர்கள் இவன் கேசட் பேச உட்கார்ந்தால் கேலி செய்கிறார்கள். இதையெல்லாம் அவன் முதல் பக்கத்தில் சொல்வதே இல்லை.

கடைசியில் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும் என்றான். பெட்ரோல் வருகிற சிறு துவாரம் உள்ள பித்தளைத் துண்டு அது. அதற்கு மேல் எண் போட்டிருக்கும். எண் கூடினால் துவாரம் பெரிது. மஹ்மூதா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறி வண்ணார்பேட்டை போனாள். மந்திரமூர்த்தி என்பவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் பின்னால் ஒர்க்‌ஷாப்பும் வைத்திருந்தார்.

“என்ன வேணும் தங்கச்சி?”

“ஆர்.எக்ஸ். வண்டிக்கு மெயின் ஜெட்டு வேணும் அண்ணாச்சி. கம்பெனி ஜெட்ட விட ஒரு நம்பர் பெருசு ஒண்ணு, ரெண்டு நம்பர் பெருசு ஒண்ணு.”

அவர் டப்பாவைத் திறந்து கிளறிக்கொண்டே கேட்டார். “சைலன்சர் மாத்திருக்காகளோ?”

“ஆமா.”

“யாரு வண்டி?”

சொன்னாள். மந்திரமூர்த்தியின் முகம் மலர்ந்தது. “அட, நம்ம உவைஸு வண்டியா! நல்ல வேலக்காரம்லா. நீங்க ஏன் தங்கச்சி இந்த வெயில்ல அலையுதிய? பையன அனுப்பி வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லுதேன். அரை மணி நேர வேல. சாயங்காலம் வீட்டுல கொண்டாந்து விட்டுருதேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி!”

அவள் சொன்ன வேகத்தில் கடையில் நின்ற இன்னொருவர் திரும்பிப் பார்த்தார். மஹ்மூதா குரலைத் தணித்துக்கொண்டு, “அவுக சொல்லித் தாராக. நான் செஞ்சுக்கிடுவேன்” என்றாள்.

“அங்கன இருந்தா?”

“கேசட்டுல.”

மந்திரமூர்த்தி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு ஜெட்டையும் பேப்பர் துண்டில் மடித்துக் கொடுத்தார். “பைய மாட்டுங்க. பித்தள, மரை போயிரும்” என்றார்.

ஜெட்டை மாட்டிவிட்டாள். ஆனால் நிற்கிற வண்டியில் மெயின் ஜெட்டைச் சோதிக்க முடியாது, எஞ்சின் பாரம் இழுக்க வேண்டும், யாரையாவது ஓட்டச் சொல் என்று உவைஸ் சொல்லியிருந்தான். யாரையும் அவள் கூப்பிடவில்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி அதன்மேல் உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டாள். பின்சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. கையால் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே காலால் பிரேக்கை லேசாக அழுத்தினாள். எஞ்சின் திணறிப் பாரம் இழுத்தது. எதிரே காரை பெயர்ந்த சுவர். அதைப் பார்த்துக்கொண்டு முழு வேகத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்து, சூடு ஆறுமட்டும் காத்திருந்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். முதல் ஜெட்டுக்கு இன்னும் வெளுப்பு இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பெரியதை மாட்டினாள். பிளக் நுனி சுலைமானி நிறத்தில் இருந்தது.

முறுக்கினால் திணறல் இல்லை. விட்டால் வெடிப்பும் இல்லை. புதுத் துணியை ஒரே இழுப்பில் கிழிக்கிற மாதிரி சத்தம் நேராக ஏறி நேராக இறங்கியது. மஹ்மூதா அதைப் பதிந்தாள். எதுவும் அறிவிக்காமல் எஞ்சினை மட்டும் பேசவிட்டாள். உள்ளே போய் மாமியாரிடம், “வண்டி சரியாயிட்டு மாமி” என்றாள். “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் மைதீன் பாத்திமா, பீடியில் நூலைச் சுற்றிக்கொண்டே.

பதில் வந்தது. முதல் பக்கத்தின் முடிவில், எல்லோரும் இருக்கும்போதே, “மாஷா அல்லாஹ், மஹ்மூதா வண்டிய அருமையா செட் பண்ணிட்டா. இனிமே ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்றான். கூடம் அவளைப் பார்த்தது. நாத்தனார்கள்கூடக் கேலி செய்யவில்லை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கேசட்டைத் திருப்பிப் போட்டாள். இஸ்ஸ்ஸ் என்று இரைச்சல். கொஞ்சம் ஓட்டிப் பார்த்தாள். இரைச்சல்தான். வந்தவர்கள் எழுந்து போனார்கள். அவள் கடைசிவரை கேட்டாள். எங்காவது ஒரு இடத்தில் தொண்டையைச் செருமியிருப்பானோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் இல்லை.

அடுத்த கேசட்டும் அப்படித்தான் வந்தது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். வண்டியை ஓடவிட்டு, சிறிய பித்தளை ஸ்க்ரூவை வெளியே எடுத்தாள். அரைச் சுற்று, ஒரு சுற்று. எஞ்சின் ஏறியது, இறங்கியது, இருமியது. முறுக்கி விட்டாள். டுப் என்றது.

“நல்லா ஓடுன வண்டிய என்னளா செய்யுதே?”

மாமியார் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. மஹ்மூதா எழுந்து நின்றாள். கையில் ஸ்க்ரூடிரைவர். “காத்து கொஞ்சம்…” என்று ஆரம்பித்தாள்.

மைதீன் பாத்திமா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் டேப் ரெக்கார்டர் இருந்தது. அதைத் துவைகல்லில் வைத்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்து மேலே போட்டாள்.

“பதிஞ்சு அனுப்பு.”

மஹ்மூதா எஞ்சினை அணைத்தாள். மாமியார் துவைகல் ஓரத்தில் உட்கார்ந்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டு பேசினாள்.

“ஒன் மாமா கொழும்புல கட வச்சிருந்தாக. வருசத்துக்கு ரெண்டு கடுதாசி வரும். எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்? பள்ளிவாசல் மோதினார் மவந்தான் வாசிப்பான். கூடத்துல எல்லாரும் இருப்பாக. எல்லாருக்கும் எழுதியிருக்கத வாசிப்பான். கடைசில ஒரு இடத்துல நிறுத்தி, மனசுக்குள்ள வாசிச்சிட்டு மடிச்சிருவான். அதுல என்ன இருந்துச்சோ. அவுக மவுத்தாயி இவ்வளவு காலமாச்சு. இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

மஹ்மூதா ஸ்க்ரூடிரைவரைத் துவைகல்லில் வைத்தாள்.

“எஞ்சின் பேச்சு வந்ததும் ஒன் மதினிமாரக் கூட்டிக்கிட்டு அடுப்படிக்குப் போறேனே, டீ குடிக்கத்தான் போறேன்னா நெனச்சே?” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். அன்று மத்தியானம் எதுவும் நடவாததுபோல், நனைத்த இலை போதவில்லை என்று மருமகளைச் சத்தம் போட்டாள்.

உவைஸின் பதில் வந்தபோது மறுபக்கம் முதலில் ஏசி உறுமல் மட்டும் கேட்டது. பிறகு அவன் குரல்.

“சத்தத்தக் கேட்டேன் மஹ்மூதா. ஏர் ஸ்க்ரூ தானாத் திரும்பாது. அதுல ஸ்பிரிங் இருக்கு.”

அவள் மடியில் இருந்த பீடித்தட்டைக் கீழே வைத்தாள். அறையில் யாரோ ஒருவன் சிரித்தான்.

“சரி. மொதல்ல இருந்து சொல்லுதேன், கேளு” என்றான். “பழைய சைலன்சர் பொகைய அடச்சு அடச்சுத்தான் விடும்…”

நாடா தீரும்வரை எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து, ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

போய் மூன்று வருஷம் கழித்து, தொண்ணூற்றைந்தில்தான் அவன் லீவில் வந்தான். உடம்பு கனத்திருந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. வீடு முழுக்க செண்ட் வாசனையும் ஆட்களுமாக இருந்தது. யாருக்கு என்ன கொண்டுவந்தான் என்பதிலேயே முதல் வாரம் போயிற்று. விசா கேட்டு வருகிறவர்கள், மகனுக்கு வேலை கேட்டு வருகிறவர்கள், விருந்துக்குக் கூப்பிட வருகிறவர்கள். மஹ்மூதா டீ போட்டபடி இருந்தாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் கூடத்தில் அவன் முதுகு தெரியும்.

ஒரு நாள் காலையில் அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம், சேரன்மகாதேவி என்று நல்ல வேகம். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். அவள் இரண்டொரு தடவை அவன் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ சொன்னாள். சைலன்சர் போடுகிற சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவன் பாதி திரும்பி “என்ன?” என்றான். “ஒண்ணுமில்ல” என்றாள். அதுவும் கேட்டிருக்காது.

மணிமுத்தாறு அணைக்கட்டில் நிறுத்தினார்கள். எஞ்சின் ஆறும்போது டிக் டிக் என்று ஓசையிட்டது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அவ்வளவு காலமும் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று அவள் எத்தனையோ விஷயத்தை எடுத்துவைத்திருந்தாள். இப்போது எதைத் தொட்டாலும் சின்னதாகத் தெரிந்தது. அவனும் கீழே கிடந்த வேப்பங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர்ப் பக்கம் எறிந்துகொண்டிருந்தான். கேசட்டில் அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசியவன் இவன்தானா என்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் அதே எண்ணம் இருந்ததோ என்னவோ.

மாஞ்சோலை பஸ் முதல் கியரில் முனகிக்கொண்டு மலையேறிப் போனது. அது வளைவில் மறையும்வரை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

“மேல போனா காத்து லேசாயிரும்” என்றான் உவைஸ். “நீ வச்சிருக்க செட்டிங் அங்கன சரிவராது. பெட்ரோல் கூடிப்போவும்.”

“அப்ப ஊசிய ஒரு படி எறக்கணுமோ?”

“ஆமா” என்று அவளைப் பார்த்தான். கொஞ்சம் சிரித்தான். அந்த லீவில் அவள் ஞாபகத்தில் நின்றது அந்தப் பேச்சுதான்.

இரண்டாம் தடவை அவன் போனது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. முதலில் போனவன் யார் என்றே அவளுக்குச் சரியாகத் தெரியாது. இப்போது தெரியும்.

போன கொஞ்ச காலத்திலேயே தெருமுனையில் டெலிபோன் பூத் வந்துவிட்டது. கேசட் நின்றுபோயிற்று. வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு தம்மாமிலிருந்து அந்தப் பூத்துக்குப் போன் வரும். பூத்துக்கு வெளியே பெஞ்சில் பத்துப் பெண்கள் காத்திருப்பார்கள். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசுவது பெஞ்ச் வரைக்கும் கேட்கும். மைதீன் பாத்திமா முதலில் பேசுவாள். அவள் பேசி முடித்து ரிசீவரைக் கொடுக்கும்போது நேரம் தீர்ந்திருக்கும்.

“நல்லா இருக்கியா?”

“நல்லா இருக்கேன். நீங்க?”

“நல்லா இருக்கேன். வச்சிரட்டா?”

எஞ்சினைப் பற்றிப் பேச போனில் யாருக்கு நேரம் இருக்கிறது? வெள்ளிக்கிழமைகளில் அவள் வண்டியை ஓடவிடுவாள். அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

தொண்ணூற்றேழில் நோன்புப் பெருநாள் கழிந்து, எதிர்வீட்டு மருமகன் லீவு முடிந்து தம்மாமுக்குக் கிளம்பினான். அதற்கு முந்தின நாள் மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மஹ்மூதா பரணிலிருந்து டேப் ரெக்கார்டரை இறக்கித் தூசி தட்டினாள். முன் கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கூடத்து நடுவில் உட்கார்ந்தாள். பட்டனை அழுத்தினாள். அஸ்ஸலாமு அலைக்கும் என்றாள். பிறகு பேச ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் முதலில் எந்தச் சத்தம் கேட்கும் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். எந்த நேரத்தில் வீடு பெரிதாகத் தெரியும் என்று சொன்னாள். மணிமுத்தாறில் பேச நினைத்துப் பேசாமல் விட்டதைச் சொன்னாள். பிள்ளை இல்லையே என்று ஊர் கேட்பதை, அதற்குத் தான் என்ன பதில் சொல்கிறாள் என்பதை, அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்கிறாள் என்பதைச் சொன்னாள். இரண்டு பக்கமும் நிறைந்தது. வண்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

எதிர்வீட்டு மருமகன் சிரித்தான். “இன்னுமா லாத்தா கேசட்டு? போன்ல பேசலாம்லா?” ஆனாலும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வந்த சில போன்களில் உவைஸ் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேசட் தொலைந்திருக்கலாம். அறையில் நாலுபேர் முன்னால் போட்டு, சிரிப்பாய்ச் சிரித்திருக்கலாம்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாமியார் பேச்சைச் சீக்கிரமாக முடித்துக்கொண்டு ரிசீவரை அவளிடம் நீட்டினாள். வெளியே போய், சரியாகச் சாத்தாத கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

“கேசட்டக் கேட்டேன்” என்றான் உவைஸ்.

“ம்.”

“ரூம்ல ஆளுங்க இருந்தாக. வெளிய போயி, ஒரு லாரிக்குள்ள உக்காந்து கேட்டேன்.”

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அங்கே காற்று வீசுகிற இரைச்சல் கேட்டது.

“ரெண்டு மூணு தடவ கேட்டுட்டேன்” என்றான். பிறகு, “இந்த வருசமும் லீவு இல்லன்னுட்டான் மஹ்மூதா.”

“சரி மச்சான்.”

“அடுத்த வருசம் பாப்போம். இன்ஷா அல்லாஹ்.”

“சரி.”

அவன் வேறு எதையோ சொல்ல வாயெடுத்தான். லைன் போய்விட்டது. பூத்காரர் விரலால் கண்ணாடியைத் தட்டினார். அடுத்த பெண் எழுந்து நின்றிருந்தாள்.

இரண்டு பேரும் வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடந்தார்கள். மைதீன் பாத்திமாவுக்கு வேகமாக நடக்க முடியாது. மஹ்மூதா அவளுக்குத் தக்க நடந்தாள்.

“என்னளா சொன்னான்?”

“இந்த வருசமும் லீவு இல்லயாம் மாமி.”

“வேற?”

“வேற ஒண்ணுஞ் சொல்லல.”

மாமியார் அவள் முகத்தைப் பார்த்தாள். “சரி, வா” என்றாள். “மழ வரும்போல இருக்கு. எலையெல்லாம் வெளிய கெடக்கு.”